கருகியது தேயிலை அல்ல

பழைய மோட்டார் சைக்கிளை என் விருப்பப்படி மாற்றிக் கட்டியபோது, காலில் சாரல் படாதிருக்க எஞ்சினுக்கு முன்னால் தேயிலைப் பெட்டிப் பலகை ஒன்றைப் பூட்டினேன். கொட்டகலை ஏற்றத்தில், பின்னால் உட்கார்ந்திருந்த மனைவி, “என்னங்க, கருகுற வாடை வருதே?” என்றாள்.

“ஸ்டோர்ல தேயிலையைத் தீய விட்டுட்டாங்க போல” என்று தோட்டத்துத் தேயிலைத் தொழிற்சாலையைச் சொல்லிச் சிரித்தேன்.

“ஸ்டோரைத் தாண்டி எவ்வளவு தூரம் வந்தாச்சு! கால் சுடுதுங்க, நிப்பாட்டுங்க!”

இறங்கிக் குனிந்தேன். பலகை மறைத்ததில் காற்றுப் படாமல் கொதித்துப்போன எஞ்சின்மேல் அதுவே சாய்ந்து எரிந்துகொண்டிருந்தது. சுடர் பெட்ரோல் தாங்கியைத் தொட்டது. பெட்ரோல் குழாயை மூடிவிட்டுப் பலகையை உதைத்துத் தள்ளினேன். அவள் சேலை ஓரம் பொசுங்கியிருந்ததை அப்புறம்தான் பார்த்தேன்.

இப்போது எஞ்சினுக்கு முன்னால் எந்த மறைப்பும் இல்லை; கால் நனைகிறது. வாடை வந்தால் முதலில் வண்டியை நிறுத்துகிறேன். எங்கிருந்து வருகிறது என்று பிறகுதான் யோசிக்கிறேன்.