பேசாலைப் பேர்னாட் மால்டா ஆன கதை

மெல்பன் நகரின் கிரெய்கிபர்ன் நூலகக் கண்ணாடிக் கதவில் ஒட்டியிருந்த அறிவித்தலில் பேர்னாட்டின் கண்ணில் பட்டவை இரண்டு சொற்கள்தான். ஒன்று 'யூனியன்', மற்றது 'இலவசம்'. யூனியன் எப்படி இயங்குகிறது என்று சனிக்கிழமைகளில் வகுப்பு நடக்கப்போகிறதாம். அந்த அறிவித்தலைத் தனக்காகவே யாரோ ஒட்டிவிட்டுப் போனது போல இருந்தது அவருக்கு.

பேர்னாட் வேலை செய்தது இறைச்சியும் மீனும் ஐஸ்கிறீமும் உறையவைத்து அடுக்கும் ஒரு பெரிய குளிர்க் கிடங்கில். அங்கே ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுவார். கிழிந்த கையுறைக்குப் பதில் புதியது கேட்டு மனேஜரிடம் ஒருநாள் சத்தம் போட்டார். அதற்குப் பிறகு கிடங்கில் யாருக்கு என்ன குறை இருந்தாலும் அது அவரிடம் வந்தது. கடைசியில் எல்லோரும் சேர்ந்து அவரையே தொழிற்சங்கப் பிரதிநிதியாகத் தெரிவு செய்துவிட்டார்கள். கை தட்டினார்கள், தோளில் தட்டினார்கள். ஆனால் பிரதிநிதி என்றால் என்ன செய்ய வேண்டும் என்று ஒருவரும் சொல்லித் தரவில்லை. எனவே சனிக்கிழமை தலையை வாரி, நல்ல சட்டை போட்டுக்கொண்டு வகுப்புக்குப் போனார்.

உள்ளே சுவரில் நீல நிறக் கொடி ஒன்று தொங்கியது. அதில் வட்டமாக மஞ்சள் நட்சத்திரங்கள். தன் சங்கத்துக்கு இப்படி ஒரு கொடி இருப்பதாக அவருக்கு நினைவில்லை. நரைத்த தலைமுடியும் சிவப்புச் சால்வையுமாக வந்து நின்ற ஈவா என்ற பெண்மணி, தான் ஸ்லோவேனியாவில் பிறந்தவள் என்றும், பிரஸ்ஸல்ஸ் நகரத்துக் கூட்டங்களில் நெடுங்காலம் மொழிபெயர்த்தவள் என்றும், மகனைப் பின்தொடர்ந்து மெல்பனுக்கு வந்தவள் என்றும் சொல்லிவிட்டு, "ஐரோப்பிய யூனியன் என்பது…" என்று தொடங்கினாள்.

இது தன் யூனியன் இல்லை என்று புரிந்து பேர்னாட் கதிரையிலிருந்து பாதி எழும்பினார். ஆனால் அதற்குள் கையில் ஒரு தட்டு வந்துவிட்டது. தட்டில் ஆப்பிள் கேக். சாப்பிட்டு முடித்தபின் எழும்பிப் போகலாம் என்று மறுபடி உட்கார்ந்தார்.

கேக் முடிவதற்குள் ஈவா பிரான்ஸையும் ஜெர்மனியையும் பற்றிச் சொல்லத் தொடங்கிவிட்டாள். அயல்நாடுகள் இரண்டும் திரும்பத் திரும்பப் போர் புரிந்து, ஊர் ஊராகப் பிள்ளைகளைப் புதைத்த நாடுகள். கடைசிப் போர் முடிந்தபின் அவர்கள் அன்பைப் பற்றிப் பேசி நேரத்தை வீணாக்கவில்லை. துப்பாக்கியும் டாங்கியும் எதிலிருந்து வருகின்றன? நிலக்கரியிலிருந்தும் உருக்கிலிருந்தும். அந்த இரண்டையும் தனித்தனியாக வைத்திருக்காமல், இருவருக்கும் மேலே ஒரு பொது நிர்வாகத்தை ஏற்படுத்தி அதன் கையில் கொடுத்தார்கள். பக்கத்து நாடுகள் நான்கும் கூடச் சேர்ந்தன. இன்றைய ஒன்றியத்தின் விதை அதுதான்.

பேர்னாட் தட்டைக் கீழே வைத்தார். எதற்காக அடிபட்டார்களோ அதையே பொதுவாக்கியிருக்கிறார்கள். இப்படி ஒரு யோசனை மனிதருக்கு வரும் என்று அவர் நினைத்ததேயில்லை. பிறகு அவர் எழும்பவில்லை.

வகுப்பு முடிந்து வெளியே வரும்போது மனைவி மேரிறோஸின் அழைப்பு வந்தது. "ஓம் ஓம், வாறன்" என்று சொல்லி வைத்தார். வகுப்பில் பக்கத்துக் கதிரையில் இருந்த பெண் திரும்பிப் பார்த்தாள்.

"அண்ணே, தமிழா?"

"ஓம் தங்கச்சி. மன்னார், பேசாலை. நீங்கள்?"

"ராமேஸ்வரம்ணே."

இரண்டு ஊருக்கும் நடுவில் இருப்பது ஒரு சின்னக் கடல். அந்தக் கடலில் என்ன நடக்கிறது என்று இருவருக்குமே தெரியும்.

அவள் பெயர் சந்திரகலா. மருத்துவமனையில் ஸ்கேன் எடுக்கும் வேலை. மகள் தாரிணி பக்கத்து நீச்சல்குளத்தில் நீந்தப் பழகும் நேரத்தைப் போக்க இந்த வகுப்புக்கு வந்தவள். அவளுடைய அப்பாவுக்கு ராமேஸ்வரத்தில் விசைப்படகு இருந்தது. பேசாலையில் அதை றோலர் என்பார்கள். அந்தச் சொல்லை நல்ல எண்ணத்தோடு யாரும் சொல்வதில்லை.

பேர்னாட் பதினாறு வயதில் கடலுக்குப் போனவர். மாலையில் வலை போட்டுவிட்டு வந்தால் விடியும்போது வலை இருக்குமா, அல்லது றோலர் இழுத்துப்போன நூல்தான் மிதக்குமா என்று தெரியாத தொழில். போர் வந்து கடலையும் மூடியது. முடிந்தபின்னும் நிம்மதி வரவில்லை. ஒரு படகில் ஏறி ஆஸ்திரேலியாவுக்கு வந்து, சிட்னியில் வில்லாவுட் தடுப்பு முகாமில் அடைபட்டு, வெளியே வந்து, கிடைத்த வேலையெல்லாம் செய்து, மெல்பனில் நிலைகொண்டவர். நிரந்தர விசா கிடைக்க ஒரு தசாப்தத்துக்கு மேல் ஆயிற்று. மேரிறோஸும் மகள் றம்யாவும் விமான நிலையத்துக் கதவைத் தாண்டி வந்தபோது, விட்டுவந்த குழந்தை தன் தோளளவு உயர்ந்து நிற்பதைப் பார்த்து அழுதவர், அன்றிலிருந்து சிரிப்பதற்கு ஒரு சாக்கையும் தவறவிடாதவர்.

இப்போது சனிக்கிழமை தோறும் ஐரோப்பா அவர் வீட்டுக் குசினிக்கு வந்தது. "சட்டத்தைப் பிரேரிக்கிறது கொமிஷன் எண்ட நிர்வாகச் சபை. ஆனா தனிய நிறைவேற்றேலாது. சனம் வாக்குப் போட்டு அனுப்பின பாராளுமன்றமும் ஓம் எண்டோணும், நாடுகளின்ர மந்திரிமாரும் ஓம் எண்டோணும்" என்று வெங்காயம் வெட்டும் மேரிறோஸிடம் விளக்குவார். "பெரும்பான்மை எண்டாலும் சும்மா தலை எண்ணுறேல்லை. போதுமான நாடுகளும் வேணும், அதுகளில போதுமான சனமும் வேணும். அப்பதான் பெரிய நாடும் சின்ன நாட்டை மிதிக்கேலாது, சின்னன்களும் கூடிப் பெரிசை மிதிக்கேலாது."

"அப்ப எல்லாரும் ஒத்துக்கொள்ள வேண்டிய விஷயம் ஒண்டும் இல்லையோ?"

"இருக்கு. புது நாட்டைச் சேர்க்கிறதெண்டா ஒருத்தர் விடாமல் ஓம் எண்டோணும். ஒரு சின்னத் தீவு மாட்டன் எண்டாலும் கதை முடிஞ்சுது."

"அப்ப இந்த வீட்டில நான்தான் அந்தத் தீவு" என்றாள் மேரிறோஸ். றம்யா ஹெட்போனைக் கழற்றி, "அம்மா, தட்ஸ் சோ ட்ரூ" என்று சொல்லிவிட்டு மறுபடி மாட்டிக்கொண்டாள்.

கடைசி வகுப்பில் ஈவா மேசைகளை வட்டமாகப் போட்டு, ஒவ்வொருவர் முன்னும் ஒரு சின்னக் கொடியை வைத்தாள். மந்திரிசபைக் கூட்டம் ஒன்றை நடத்திப் பார்க்கப் போகிறார்களாம். சந்திரகலா இத்தாலி. பேர்னாட் சின்னத் தீவான மால்டா. ஓய்வுபெற்ற தபால்காரர் ஒருவர் ஜெர்மனியாக நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். தலைமை நாற்காலி ஆறு மாதத்துக்கு ஒரு நாட்டிடம் போகும், இன்று அது அயர்லாந்திடம் இருக்கிறது என்று சொல்லி, தலையில் பச்சைத் தொப்பி போட்டிருந்த ஒரு மாணவியிடம் மணியைக் கொடுத்தாள். எடுத்துக்கொண்ட விஷயம்: சலோரா என்ற கற்பனை நாடு ஒன்றியத்தில் சேர விரும்புகிறது. பெரிய மீன்பிடிப் படகுகள் நிறைய உள்ள நாடு.

ஒவ்வொருவராகச் சம்மதம் சொல்லி வந்தார்கள். மால்டாவின் முறை வந்தது.

"மாட்டன்" என்று தமிழிலேயே சொல்லிவிட்டார் பேர்னாட். பிறகு ஆங்கிலத்துக்கு மாறினார். சலோராவின் படகுகள் கடலின் அடியைச் சுரண்டுபவை, இன்றைக்குச் சேர்த்தால் நாளைக்கு எங்கள் கரைக்கு வந்து நிற்கும், எங்கள் சின்ன வள்ளங்கள் என்ன செய்யும் என்று கேட்டார். குரல் தானாக உயர்ந்தது.

இத்தாலி எழுந்தது. அந்தப் படகுகளில் இருப்பவர்களும் கூலிக்குப் போகிறவர்கள்தான், கடலில் கோடு கிழித்து வைத்திருக்கிறதா, ஒரு காற்று திருப்பிவிட்டால் பிடித்துக் கொண்டுபோய் ஜெயிலில் போடுவீர்களா என்று சந்திரகலா கேட்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

இது மால்டாவைப் பற்றியது அல்ல என்று ஜெர்மனிக்குக்கூடப் புரிந்துவிட்டது. ஈவா மணியை வாங்கி மெல்ல அடித்தாள். "இப்படிக் கூட்டங்கள் நிறையப் பார்த்திருக்கிறேன்" என்றாள். "எல்லாம் தேநீர் நேரத்தில்தான் தீரும். போங்கள்."

வெந்நீர்க் கேத்தலுக்குப் பக்கத்தில் இருவரும் நின்றார்கள்.

"எங்க அண்ணன் ஒரு வருஷம் உங்க ஊர் ஜெயில்ல இருந்தான்ணே. தை மாசம் கடலுக்குப் போனவன். அம்மா சோறே சாப்பிடல" என்றாள் சந்திரகலா.

பேர்னாட் கோப்பையைச் சுழற்றிக்கொண்டு நின்றார். "எனக்கு அது தெரியாது தங்கச்சி. எங்களுக்கு உங்கட படகு மட்டும்தான் தெரியும். இரவில பாத்தா ஒரு பட்டணம் மாதிரி லைற் எரியும். அதுக்குள்ள ஆக்கள் இருக்கினம் எண்டு யோசிக்கிறேல்லை."

"எங்களுக்கு உங்க வலைகூடத் தெரியாது. இருட்டுல யாரு பாக்குறா?"

பிடிபட்ட பிள்ளை சாக்குச் சொல்வது போல இருந்தது அவள் சொன்ன விதம். பேர்னாட்டுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவளுக்கும் வந்தது. பிறகு இருவரும் ஒரு காகிதத் துடைப்பானை எடுத்துக் கேத்தலுக்குப் பக்கத்தில் விரித்துக் கடல் வரைந்தார்கள். கரையோரம் சின்ன வள்ளங்களுக்கு. அடியைச் சுரண்டும் வலைகளைச் சில வருடங்களில் விட்டுவிட வேண்டும், ஆழ்கடல் படகுக்கு மாற எல்லா நாடுகளும் சேர்ந்து உதவ வேண்டும். எல்லை தாண்டி வருபவரைப் பிடித்தால் சிறை இல்லை, அன்றே வீட்டுக்கு. காவல் படகு ஒன்றுதான், அதில் இரண்டு நாட்டுக்காரரும் ஒன்றாக இருக்க வேண்டும்.

"ஒண்டா இருந்தா ஆளை ஆள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுவினம்" என்றார் பேர்னாட்.

"அப்புறம் எங்க சண்ட போடுறது?"

அறைக்குத் திரும்பி இத்தாலியும் மால்டாவும் சேர்ந்து திட்டத்தை வாசித்தபோது, சலோராவாக இருந்த பையன் சற்று முனகினான். ஜெர்மனி உதவிப் பணத்தைப் பற்றி நீண்ட கேள்வி கேட்டது. சில வரிகள் மாறின. பிறகு பேர்னாட் சம்மதம் என்று கையை உயர்த்தினார். பச்சைத் தொப்பிக்காரி மணியை அடித்த அடியில் நூலகத்தின் மறுபக்கத்தில் படித்துக்கொண்டிருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். ஈவா இருவரையும் கட்டிக்கொண்டாள். உண்மையான கூட்டங்கள் இதைவிட மெதுவாக நடக்கும், கேக்கும் இவ்வளவு நன்றாக இருக்காது, ஆனால் நடப்பது இதுதான் என்றாள்.

வகுப்பு முடிந்தது, வீடுகள் தொடங்கின. முதலில் சந்திரகலாவின் குடும்பம் பேர்னாட் வீட்டுக்குச் சாப்பிட வந்தது. பிறகு இவர்கள் அங்கே போனார்கள். மீன் குழம்புக்குத் தேங்காய்ப்பால் விடுவதா வேண்டாமா என்று மேரிறோஸுக்கும் சந்திரகலாவுக்கும் எழுந்த வழக்கு மட்டும் எந்தப் பெரும்பான்மையாலும் தீரவில்லை. ஒவ்வொரு முறையும் இரண்டு சட்டியில் கறி வந்தது. யாரும் குறை சொல்லவில்லை. தாரிணியும் றம்யாவும் மாடியில் போய் ஆங்கிலத்தில் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

கோடை தொடங்கியபோது சந்திரகலாவின் அப்பா பாலகிருஷ்ணன் ராமேஸ்வரத்திலிருந்து மகளைப் பார்க்க வந்தார். விசைப்படகுக்காரர். கடல் இல்லாத ஊரில் அவருக்கு மூச்சு முட்டுகிறது, மீன் பிடிக்க எங்கேயாவது கூட்டிப் போகிறீர்களா அண்ணே என்று சந்திரகலா கேட்டாள். பேர்னாட் சரி என்று சொல்லிவிட்டார். சொன்னபின்தான் உறைத்தது. வலையை இழுத்துக்கொண்டு போனவர்களில் ஒருவர் பக்கத்தில் நிற்கப்போகிறார்.

நகரின் மறுகோடியில், கடலோர அல்டோனா இறங்குதுறையில் காலை வெயில் சுள்ளென்று இருந்தது. பாலகிருஷ்ணன் வேட்டியை மடித்துக் கட்டி, தலையில் பேத்தியின் தொப்பியோடு நின்றார். இருவரும் தூண்டிலைப் போட்டார்கள். சந்திரகலா வாளியும் அளவுகோலுமாகப் பின்னால் நின்றாள்.

"தம்பிக்கு எந்த ஊரு?" என்றார் பெரியவர்.

"பேசாலை ஐயா."

பெரியவரின் முகம் மலர்ந்தது. "அடடே, தெரியுமே! உங்க ஊரு மாதா கோயில் வெளிச்சம் பளிச்சுன்னு தெரியும். திருவிழான்னா பாட்டுச் சத்தம்கூடக் கேக்கும்!"

பேர்னாட் தூண்டிலைப் பிடித்தபடியே திரும்பினார். "பாட்டுச் சத்தம் கேக்கிற அளவுக்கு வந்தனீங்களோ?"

என்ன சொல்லிவிட்டோம் என்று அப்போதுதான் பெரியவருக்கு விளங்கியது. அவர் மகளைப் பார்த்தார். மகள் கடலைப் பார்த்தாள். பேர்னாட் உள்ளே எங்கேயோ கோபத்தைத் தேடினார். முன்பு அது இருந்த இடம் அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனால் அங்கிருந்து கிளம்பி வந்தது சிரிப்பு. குனிந்து, கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். பெரியவரும் முதலில் வெட்கப்பட்டு, பிறகு தொப்பி கழன்று விழும்படி சிரித்தார்.

"காத்துப்பா தம்பி, காத்து திருப்பிருச்சு" என்றார் கண்ணைத் துடைத்தபடி.

"ஓம் ஓம், ஒவ்வொரு நாளும் ஒரே பக்கம் திருப்பியிருக்கு!"

அப்போது பெரியவரின் தூண்டில் வளைந்தது. "பிடி தம்பி, பிடி!" பேர்னாட் தன் தூண்டிலைக் கீழே போட்டுவிட்டு அவருடையதைத் தாங்கினார். இருவரும் ஒருவர் காலை ஒருவர் மிதித்துக்கொண்டு சுற்றி இழுக்க, சிவந்து மின்னும் ஸ்னாப்பர் மீன் ஒன்று மரப்பலகையில் வந்து துள்ளியது. இங்கே சின்ன மீனைத் திரும்பக் கடலில் விட வேண்டும் என்பது சட்டம்; சந்திரகலா அளவுகோலை எடுத்து வைத்துப் பார்த்துவிட்டுச் சத்தமாகக் கூவினாள்: அளவு சரி, கொண்டு போகலாம்!

வீட்டில் மேரிறோஸ் இரண்டு சட்டியையும் அடுப்பில் வைத்துவிட்டுக் காத்திருந்தாள். மீனைக் கையில் வாங்கியதும் பெரியவரையும் பேர்னாட்டையும் மாறி மாறிப் பார்த்து, "ஆர் பிடிச்சது?" என்று கேட்டாள்.

"நாங்க" என்றார்கள் இரண்டு பேரும்.