பாக்கெட்டிலேயே இருந்த வெர்னியர்

போன புதன்கிழமை என் பேண்ட் பாக்கெட்டில் ஒரு வெர்னியர் காலிப்பர் இருந்தது. போகும்போதும் இருந்தது, வரும்போதும் இருந்தது. நடுவில் ஒரே ஒரு தடவை அதை வெளியே எடுத்திருந்தால், இந்த வாரம் நீங்கள் வேறு ஏதாவது படித்துக்கொண்டிருப்பீர்கள்.

வெர்னியர் என்னுடையது இல்லை. என் மனைவி ருக்மணியுடையது. ஒரு பம்ப் கம்பெனியில் பதினெட்டு வருஷமாகக் குவாலிட்டி இன்ஸ்பெக்டர். காலையில் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை ‘இது ஓகே, இது ரிஜெக்ட்’ – அதுதான் வேலை. வீட்டுக்கு வந்ததும் அந்தப் பார்வை அணைந்துவிடுமா என்ன? கத்தரிக்காய், இஸ்திரி போட்ட சட்டை, நான்... எல்லாம் அதே பார்வையில்தான்.

எங்கள் காருக்குப் பதினைந்து வயது முடிகிறது. பதிவைப் புதுப்பிக்கத் திங்கட்கிழமை வண்டியை ஆர்.டி.ஓ. ஆபீசரிடம் காட்ட வேண்டும். இந்த நேரம் பார்த்து சைலன்சர் துருப்பிடித்து ஓட்டை. ஸ்டார்ட் செய்தால் தெருவே எட்டிப் பார்க்கிறது.

“ஃபெயிலாச்சுன்னா வித்துப்போடலாமுங்க” என்றாள் ருக்மணி. வெகு மரியாதையாகத்தான் சொன்னாள். எங்கள் மகளைப் பிறந்த மூன்றாம் நாள் துணியில் சுற்றி வீட்டுக்குக் கொண்டுவந்த வண்டி அது. வால்பாறையின் நாற்பது கொண்டை ஊசி வளைவையும் முணுமுணுக்காமல் ஏறிய வண்டி. விற்க எனக்கு மனசே இல்லை.

புது சைலன்சர் கிடைக்காது. அந்த மாடலையே நிறுத்தி எத்தனையோ வருஷம் ஆகிறது. பழசுதான் வழி. கிளம்பும்போது ருக்மணி வெர்னியரோடு ஒரு சீட்டும் கொடுத்தாள். பைப் வாய் எவ்வளவு அகலம், ஜாயிண்ட் பிளேட்டில் போல்ட் ஓட்டைகளுக்கு நடுவே எவ்வளவு தூரம், ரப்பரில் தொங்கும் கொக்கி எந்த இடத்தில், சென்சார் மாட்ட ஓட்டை இருக்கிறதா – நாலே வரி. பக்கத்தில் எங்கள் வண்டியின் அளவுகள்.

“அதே மாடல்னு சொன்னா நம்பிப்போடாதீங்க. ஒரே பேருல பெட்ரோலும் வந்துச்சு, டீசலும் வந்துச்சு. அளந்து பாத்து வாங்குங்க.”

அளக்கத்தான் போனேன். சத்தியமாக!

சிங்காநல்லூர் தாண்டி ஒரு பழைய பார்ட்ஸ் கடை. கடைக்காரர் செல்வராசு குவியலிலிருந்து நீளமாக ஒரு சைலன்சர் செட்டை இழுத்துப் போட்டார். நான் பாக்கெட்டுக்குள் கையை விட்டேன். அப்போது பார்த்துக் கேட்டார்.

“ஏனுங்க, உங்களுக்கு எந்த ஊருங்க?”

கோயமுத்தூர்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்த ஒரு கேள்விக்குள் இன்னும் ஏழெட்டுக் கேள்விகள் உட்கார்ந்திருக்கும். என் ஊரைச் சொன்னேன். சொந்தம் ஒன்றும் தேறவில்லை. மனைவிக்கு அன்னூர்ப் பக்கம் என்றேன்.

“அன்னூர்ல யாரு ஊடுங்க?”

சொன்னேன். அவருடைய பெரியப்பாவும் என் மாமனாரும் பங்காளிகளாம்!

“அட, நம்ம அக்கா ஊட்டுக்காரருங்களா! உக்காருங்க மாமா, டீ சொல்றேன்.”

டீ வந்தது. கூடவே முறுக்கு வந்தது. இப்போது நீங்களே சொல்லுங்கள் – மாமா என்று கூப்பிட்டு முறுக்குக் கொடுத்த மனிதர் முன்னால் வெர்னியரை நீட்டுவதா? என்ன நினைப்பார்? அன்னூர் வரைக்கும் பேச்சாகிவிடாதா?

“அதே மாடல்தானுங்க மாமா.”

“சரீங்க” என்றேன்.

மறுநாள் எங்கள் மெக்கானிக் அரை மணி நேரம் வண்டிக்கு அடியில் கிடந்தார். வெளியே வந்து, கையைத் துடைத்து, தயங்கித் தயங்கிச் சொன்னார்.

“கொஞ்சம் உக்கார மாட்டீங்குதுங்க சார்.”

கொஞ்சம் என்றால்? பைப் வாய் பெரிசு. போல்ட் ஓட்டை ஒன்றுகூடச் சேரவில்லை. கொக்கி நாலு விரல் தள்ளி நிற்கிறது. சென்சார் ஓட்டை இல்லவே இல்லை. எங்களுடையது பெட்ரோல்; இது டீசல் வண்டியினுடையது! சீட்டில் இருந்த நாலு வரியும் அவுட். அதற்குத்தான் எங்கள் ஊரில் ‘கொஞ்சம்’ என்று பெயர்.

ருக்மணி திட்டவில்லை. கையை மட்டும் நீட்டினாள். வெர்னியரைக் கொடுத்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு லோடு ஆட்டோ. முன்னால் டிரைவர் பக்கத்தில் அவள். பின்னால் எங்கள் ஓட்டை சைலன்சர், பொருந்தாத சைலன்சர், இரண்டுக்கும் நடுவில் நான்.

“வாங்கக்கா!” என்று செல்வராசு டீ சொன்னார். அக்கா டீயைக் குடித்தாள். முறுக்கைத் தின்றாள். பெரியப்பாவின் முழங்கால் வலியை விசாரித்தாள். அப்புறம் டம்ளரைக் கீழே வைத்துவிட்டு வெர்னியரை எடுத்தாள். எங்கள் பழசைத் தரையில் கிடத்தி, பக்கத்தில் ஒவ்வொரு செட்டாக வைத்து அளந்தாள். முதல் செட் ரிஜெக்ட். இரண்டாவது ரிஜெக்ட். மூன்றாவதில் சென்சார் ஓட்டைக்குள் விரலை விட்டு திருகு மரையைத் தடவிப் பார்த்து, தலையாட்டினாள்.

செல்வராசு முகத்தைப் பார்க்கவே எனக்குக் கூச்சம். அவருக்கோ வாயெல்லாம் பல்!

“இப்படி அளந்து வாங்குனா நமக்கும் நிம்மதிங்கக்கா. மாமா வண்டி பெட்ரோலா டீசலான்னு அன்னிக்கே எனக்கு டவுட்டுதானுங்க.”

“அப்பறம் ஏன் கேக்கல?”

“மாமாவுக்கு அவரு வண்டியே தெரியாதான்னு கேட்ட மாதிரி ஆயிருமேன்னு உட்டுப்போட்டனுங்க.”

ஆக, மரியாதைக்காக அவர் கேட்கவில்லை. மரியாதைக்காக நான் அளக்கவில்லை. இரண்டு மரியாதைகளுக்கு நடுவில் என் வண்டி விலை போகப் பார்த்தது. சொந்தம் என்று பார்த்தால் அவளுக்குத்தான் சொந்தம்... கூச்சம் மட்டும் எப்படி எனக்கு வந்தது?

அன்று சாயங்காலமே மெக்கானிக் மாட்டிவிட்டார். இந்த முறை ‘கொஞ்சம்’ என்ற வார்த்தையே வரவில்லை.

திங்கட்கிழமை காலை ருக்மணியும் லீவு போட்டுவிட்டுக் கூட வந்தாள். வண்டி சத்தமே இல்லாமல் வரிசையில் நின்றது. ஆபீசர் வந்தார். பேப்பரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரித்தார்.

“ஏனுங்க சார், உங்களுக்கு எந்த ஊருங்க?”

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்திலிருந்து ருக்மணியின் குரல்.

“ஊரெல்லாம் அப்பறம் சொல்றமுங்க. மொதல்ல குனிஞ்சு வண்டிக்கு அடியில பாருங்க.”

குனிந்தார். பார்த்தார். எந்த ஊர் என்று சொல்லாமலேயே வண்டி பாஸ்!