காதர் பாய் கொண்டுவந்த தேவதாரு வாசனை

கோடு போட்ட தாளில்தான் எழுதுகிறேன். ஆனாலும் வரிகள் அலையில் மாட்டிய படகு மாதிரி ஒரு பக்கமாகச் சாய்ந்துகொண்டே போகின்றன. சில எழுத்துகள் பெரிதாகவும் சில நசுங்கியும் இருக்கின்றன. படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். வலை இழுத்துப் பழகிய விரல்களுக்குப் பென்சில் ரொம்ப மெலிசாக இருக்கிறது. இருந்தாலும் நம் மாலை வகுப்புச் சுவரில் இந்த வாரம் ஒட்டும் தாளை நான்தான் எழுதுவேன் என்று டீச்சருக்குச் சொல்லியனுப்பிக் கேட்டு வாங்கினேன். காதர் பாயைப் பற்றி எழுத வேண்டும். நம் குப்பத்தில் அவரிடம் தைலம் வாங்காத வீடு குறைவு. எல்லோருக்கும் அவரைத் தெரியும்.

அவர் போன செய்தியை எனக்கு யாரும் வந்து சொல்லவில்லை. நானே படித்தேன்.

அன்று புதன்கிழமை. என் மனைவி அஞ்சலைக்கு மாத்திரை வாங்கச் செங்கல்பட்டுக்குப் போயிருந்தேன். இப்போதெல்லாம் நான் தெருவில் ஒழுங்காக நடப்பதில்லை. எங்கே எழுத்தைப் பார்த்தாலும் நின்றுவிடுகிறேன். ஒரு கடையின் முன்னால் நின்று, 'இங்கு பஞ்சர் ஒட்டப்படும்' என்பதை முழுதாகப் படித்து முடித்தேன். கடைக்காரர் வெளியே வந்து, "இன்னா பெரிசு, வண்டிய எங்க வுட்ட?" என்றார். "வண்டியெல்லாம் இல்ல நைனா, சும்மா படிச்சிகினு கீறேன்" என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

அதே சந்தோஷத்தோடு பஸ் ஸ்டாண்டுக்கு வரும் வழியில், பள்ளிவாசல் சுவரில் இருந்த கரும்பலகையையும் படிக்க ஆரம்பித்தேன். சாக்பீஸில் எழுதியிருந்தது. முதல் வார்த்தை 'தைலம்'. டீச்சரிடம் நானாகக் கேட்டுக் கற்றுக்கொண்ட வார்த்தை அது. அடுத்தது 'காதர்'. அட, நம் பாய் பெயர் பலகையில் வந்திருக்கிறதே என்று சிரித்துவிட்டேன். விரலை வைத்துக்கொண்டு மேலே போனேன். 'நல்லடக்கம்' என்ற வார்த்தைக்கு விரல் வந்தபோதும் அதை எழுத்தாகத்தான் கூட்டினேன். கூட்டி முடித்த பிறகுதான் அது என்ன என்று தெரிந்தது.

வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த பெரியவரிடம் கேட்டேன். "ஆமாம்பா, நேத்தே அடக்கம் முடிஞ்சிடுச்சி. நெஞ்சு வலின்னாரு, உக்காந்தாரு, அவ்ளோதான். உனக்கு எந்தூரு? அவுருகிட்ட சரக்கு வாங்கறவனா?" என்றார். தலையை ஆட்டினேன்.

படிக்கத் தெரியாதவனாக இருந்திருந்தால் அந்தப் பலகையைத் தாண்டிப் போயிருப்பேன். மறுநாள் வியாழக்கிழமை. எப்போதும் போல அவர் வருவார் என்று வாசலில் நின்றிருப்பேன்.

பஸ் திருக்கழுக்குன்றம் தாண்டும் வரைக்கும் என் மனசில் ஒரே ஒரு கேள்விதான் ஓடியது. இதை அஞ்சலையிடம் எப்படிச் சொல்வது?

அஞ்சலைக்கு மறதி வந்து நாளாகிவிட்டது. சில நாள் என்னைத் தெரியும். சில நாள் ஐஸ் வண்டிக்காரன் என்று நினைத்து, "பெட்டிய அங்க எறக்கு" என்பாள். ஆனால் காதர் பாய் வந்தால் மட்டும் அவளுக்குக் குழப்பம் வந்ததே இல்லை. அவருடைய மொபெட் சத்தத்துக்கும் முன்னால் அவருடைய வாசனை வந்துவிடும். "அண்ணாத்த வந்துட்டாரு" என்று எழுந்து உட்கார்ந்து தலைமுடியை ஒதுக்கிக்கொள்வாள்.

அது தேவதாரு மரத்து எண்ணெயின் வாசனை. பாய் நம் கரையோரம் முழுக்க யூகலிப்டஸ், எலுமிச்சைப்புல், அத்தர் எல்லாம் விற்றார். ஆனால் தேவதாருவைத்தான் தன் பிள்ளையைப் போலக் காட்டுவார். "இமயமலைப் பக்கம் வளர்ற மரம். நம்ம உப்புக் காத்துல வந்து இன்னா பண்ணுதுன்னு பாரு" என்று மூடியைத் திறந்து மூக்கில் காட்டாமல் காற்றில் காட்டுவார்.

அந்த எண்ணெயை அவர் விற்ற விதம் உங்களுக்கு நினைவிருக்கும். மற்றவர்கள் எதற்கெல்லாம் நல்லது என்று சொல்லி விற்பார்கள். பாய் எதற்கெல்லாம் ஆகாது என்று சொல்லி விற்றார். படகுத்துறையில் ஒருநாள் நம் ஆறுமுகம் தன் வழுக்கைத் தலையைத் தடவிக்கொண்டு, "இத்த தேச்சா முடி மொளைக்குமா பாய்?" என்று கேட்டான். பாய் தொப்பியைக் கழற்றித் தன் தலையைக் காட்டினார். அதில் சூரியன் தெரிந்தது. "மொளைக்கிறதா இருந்தா மொதல்ல இங்க மொளைச்சிருக்கும் மச்சான். தல அரிப்பு, பொடுகு இருந்தா தேங்காண்ணெய்ல சில சொட்டு வுட்டுத் தேச்சிப் பாரு. கொஞ்சம் அடங்கும். முடி வேணும்னா விக்கு வாங்கு" என்றார். அன்று முழுக்கத் துறையில் இதே பேச்சுதான்.

கொசுவுக்கு ஆகுமா என்று கேட்டவர்களிடம், "மூஞ்ச சுளிச்சிக்கும், வூட்ட காலி பண்ணாது. வலையையும் கட்டிக்கோ" என்பார். வயிற்று வலி என்று ஒருவன் மூடியைத் திறந்து வாயில் ஊற்றப் போனபோது, பாய் பாய்ந்து பிடுங்கியதை நான் பார்த்திருக்கிறேன். "குடிக்கிற எண்ணெ இல்லடா இது! செத்தின்னா எவன் பதில் சொல்றது?" என்று கத்தினார். அப்படி அவர் கத்தி நான் கேட்டது அந்த ஒரு தடவைதான். என் மருமகள் முழுகாமல் இருந்தபோது ஆசையாகக் கேட்டும் அவர் கொடுக்கவில்லை. "டாக்டரம்மாவ கேட்டுகினு வா. அதுவரிக்கும் மல்லிப்பூ வெச்சிக்கோ" என்று சொல்லிவிட்டார். புதிதாக வாங்குகிறவர்களுக்கு முழங்கையின் உள்பக்கம் ஒரு சொட்டு, அதுவும் வேறு எண்ணெயில் கலந்து தடவிப் பார்த்து, அரிப்பு எதுவும் இல்லை என்றால்தான் பாட்டிலைக் கையில் கொடுப்பார்.

எங்கள் வீட்டுக்கு அவர் முதலில் வந்தது பட்டுப் புடவைக்காகத்தான். அஞ்சலையின் கல்யாணப் புடவையைப் பெட்டியில் பூச்சி அரித்திருந்தது. பாய் பஞ்சை உருட்டி, தேவதாருவில் நனைத்து, சின்னத் துணியில் முடிந்து பெட்டி மூலையில் வைத்தார். "பட்டு மேல படக் கூடாது தங்கச்சி, கறையாயிடும். வாசன போச்சின்னா மறுபடி நனைச்சி வை" என்றார். அதற்குப் பிறகு பூச்சி வரவில்லை. அந்தப் பெட்டியைத் திறந்தால் இன்றைக்கும் பாய் உள்ளே உட்கார்ந்திருப்பது போல இருக்கிறது.

மறதி வந்ததும் அஞ்சலைக்குத் தூக்கம் போய்விட்டது. பொழுது சாய்ந்தால் போதும், எழுந்து கடற்கரைப் பக்கம் நடக்க ஆரம்பித்துவிடுவாள். கேட்டால், "படகு வர்ற நேரம்" என்பாள். நான் பாயிடம், மறதிக்கு ஏதாவது எண்ணெய் இருக்கிறதா என்று கேட்டேன். அவர் ரொம்ப நேரம் பெட்டியை மூடி மூடித் திறந்தார். பிறகு, "கன்னியப்பா, அதுக்கு என்கிட்ட ஒண்ணும் இல்ல. எவன்கிட்டயும் இல்ல. மாத்திரைய நிறுத்தாத. இந்த எண்ணெ தூக்கத்த கூட்டினு வராது. தூக்கம் வந்தா உள்ள வர்றதுக்குக் கதவ தொறந்து வெக்கும், அவ்ளோதான்" என்றார்.

அவர் சொன்னபடி நல்லெண்ணெயில் கலந்து அவள் பாதத்தில் தேய்த்தேன். பாய் வாசலில் எங்கள் சிவப்பு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து அவளோடு பேச்சுக் கொடுத்தார். அன்று அவள் எழுந்து நடக்கவில்லை. அப்படியே கண்ணயர்ந்தாள். அன்றிலிருந்து வியாழக்கிழமை தோறும் நம் பக்கத்துச் சுற்றை முடித்துக்கொண்டு கடைசியாக எங்கள் வீட்டுக்கு வருவார். மகன் கடலுக்குப் போயிருப்பான். மருமகள் ரிசார்ட்டில் துணி மடிக்கும் வேலையில் இருப்பாள்.

நம் ஊரில் வியாழக்கிழமை மாலை வகுப்பு ஆரம்பித்தபோது என்னைப் பிடித்துத் தள்ளியதும் அவர்தான். "போய்யா, படி. பாட்டில் மேல இன்னா எழுதிகீதுன்னு எவன கேட்டுகினு இருப்ப? நான் இருக்கேன், நீ போயிட்டு வா" என்றார். நான் வகுப்பில் இருந்த நேரமெல்லாம் அவர் என் வாசலில் இருந்தார். அந்த நேரத்தில் அவர்கள் இரண்டு பேரும் என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. கேட்டால் பாய், "உன்ன பத்திதான்" என்று சிரிப்பார். நான் விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று விட்டுவிடுவேன்.

வகுப்பில் முதல் நாள் பென்சில் சீவியபோது நான் திரும்பி வாசலைப் பார்த்தேன். பாய் வந்துவிட்டாரோ என்று நினைத்தேன். சீவலில் அதே வாசனையின் தூரத்துச் சொந்தம் மாதிரி ஒரு வாசனை இருந்தது. அவரிடம் சொன்னபோது, "அந்தக் காலத்துல தேவதாருல கூட பென்சில் பண்ணுவாங்க. பாத்தியா, நீ ஸ்கூலுக்குப் போனாலும் நான் கூடவே வர்றேன்" என்றார்.

இனி நடந்ததைச் சொல்கிறேன். பலகையைப் படித்த மறுநாள் வியாழக்கிழமை, அஞ்சலை வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மறைக்கக் கூடாது என்று நினைத்து, பாய் இறந்துவிட்டார் என்று சொல்லிவிட்டேன். கூடப்பிறந்தவன் போனது போல மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். நானும் அழுதேன். முகம் கழுவிக் காப்பி குடித்ததும், "இன்னாய்யா, அண்ணாத்தய இன்னும் காணோம்?" என்று கேட்டாள். மறுபடியும் சொன்னேன். மறுபடியும் முதல் தடவை கேட்பது போல அழுதாள். மூன்றாவது தடவை கேட்டபோது எண்ணெய் பாட்டிலை எடுத்தேன்.

சரி, எண்ணெயாவது தூங்க வைக்கும் என்று பார்த்தால் அதுவும் எதிராகிவிட்டது. பாதத்தில் தேய்த்து வாசனை வந்ததும் அவள் எழுந்து உட்கார்ந்து அவரைத் தேடுகிறாள். கட்டிலுக்கு அடியில்கூடக் குனிந்து பார்க்கிறாள். தேய்க்காவிட்டால் கடற்கரைக்கு நடக்கிறாள். எண்ணெய் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, திறக்கவும் முடியாமல் மூடவும் முடியாமல் நான் நின்ற மாலைகளை எப்படி எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. அதற்கான வார்த்தையை இன்னும் படிக்கவில்லை. வகுப்புக்கும் வர முடியவில்லை. அதனால்தான் டீச்சர் இந்தத் தாளை வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார்.

நேற்று வியாழக்கிழமை. வெளிச்சம் இருக்கும்போதே எழுதிவிட வேண்டும் என்று வாசலில் அந்தச் சிவப்பு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தேன். அவள் பாதத்தில் தேய்த்த எண்ணெய் என் கையில் இருந்தது. பென்சிலைச் சீவிக் காதில் செருகிக்கொண்டு, என்ன எழுதலாம் என்று யோசித்தேன். பாய் அத்தர்ப் பஞ்சை வைக்கும் அதே காது.

"எப்ப வந்த அண்ணாத்த? வண்டி சத்தமே கேக்கல" என்றாள் அஞ்சலை.

இல்லை, நான்தான் என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் அவள் எழுந்து தேடுவாள். "பெட்ரோல் தீந்துடுச்சி தங்கச்சி. நடந்து வந்தேன்" என்றேன். என் குரல் எனக்கே வேறு யாருடையதோ போல இருந்தது.

"எங்கூட்டு ஆளு ஸ்கூலுக்குப் பூட்டாரு. இந்த வயசுல பைய மாட்டிகினு!" என்று வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "அன்னிக்கி எம்பேர எழுதினு வந்து காட்னாரு. நான் மூஞ்ச திருப்பிகினேன்."

"ஏம்மா?"

"சிரிச்சேன்னா தெருவுக்கே தம்பட்டம் அடிப்பாரு. அவரப் பத்தி உனக்குத் தெரியாதா? ஆனா நல்லாத்தான் இருந்துச்சி அண்ணாத்த. எம்பேரு அவ்ளோ நீளம்னு எனக்கே தெரியாது. நீ சொல்லிடாத."

"சொல்ல மாட்டேன்."

"அவுரு இருட்டுல வருவாரு. வர்ற வரிக்கும் இருப்பியா?"

"இருக்கேன்" என்றேன்.

அவள் படுத்துக்கொண்டாள். யாரையும் தேடவில்லை. தூங்கிவிட்டாள். அவள் வீட்டுக்காரர் வரும் வரைக்கும் நான் அங்கேயே உட்கார்ந்திருக்க வேண்டும். எழுந்து உள்ளே போகவும் எனக்குத் தைரியம் இல்லை.

காதர் பாயிடமிருந்து என்னிடம் தங்கியிருப்பவை இவைதான். பாட்டில் அடியில் கொஞ்சம் எண்ணெய். அது தீர்ந்தால் செங்கல்பட்டில் வாங்கிக்கொள்ளலாம், மேலே எழுதியிருப்பதை நானே படித்துக்கொள்வேன். அவர் உட்கார்ந்த முக்காலி. அதில் உட்கார்ந்து அவர் சொன்ன 'இருக்கேன்' என்ற ஒரு வார்த்தை. அதைத்தான் நேற்று நானும் சொன்னேன். ஐந்தே எழுத்துதான். எழுதுவதற்குள் பென்சில் இரண்டு தடவை உடைந்துவிட்டது.

வரும் வியாழக்கிழமை அவள் பாயிடம் என்ன சொல்கிறாள் என்று கேட்டு, அடுத்த வாரத் தாளிலும் எழுதுகிறேன். கை இன்னும் கொஞ்சம் நேராகியிருக்கும். படிப்பவர்கள் யாரும் அவள் வீட்டுக்காரரிடம் மட்டும் சொல்லிவிடாதீர்கள்.