நான்கு வரியில் ஒரு வயிற்று வலி

வகுப்பறை பெஞ்சுகள் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கானவை. பெரியவர்களின் முழங்கால் மேசைக்கு அடியில் போகாது என்பதால் எல்லோரும் பக்கவாட்டில் திரும்பி உட்கார்ந்திருந்தோம். கும்மிடிப்பூண்டியில் அந்தப் பள்ளிக்கூட அறையில், மாதத்தின் இரண்டாம் ஞாயிறு காலையில், எட்டு ஒன்பது பேர் கூடுவார்கள். வீட்டில் மனநோயாளி ஒருவரை வைத்துப் பார்த்துக்கொள்பவர்கள், தற்கொலையில் ஒருவரை இழந்தவர்கள். கூட்டத்தை நடத்துபவர் அரசு மருத்துவமனையில் மனநலப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற செவிலியர். புதிதாக வருபவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத் தாள் எழுத வேண்டும் என்று என்னை அவர்தான் கூப்பிட்டார். நான் இருபது ஆண்டுகள் ஒரு நாளிதழின் கும்மிடிப்பூண்டி நிருபராக இருந்தவன்.

"சுருக்கமா எழுதறதுதானே உங்க வேலை" என்றார்.

முதல் நாள் என்னை எல்லோருக்கும் அறிமுகப்படுத்தினார். பேப்பர்காரர் என்றதும் ஜன்னலோரம் இருந்த பெண் நிமிர்ந்து பார்த்தார். நாற்பது வயது இருக்கும். சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையில் பேக்கிங் வேலை. கணவர் இறந்து எட்டு ஆண்டுகள். கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்து மேசைமேல் வைத்தார். லேமினேஷன் செய்த செய்தித்தாள் துண்டு. ஒரு பக்கம் பெரியபாளையம் அருகே வீட்டுமனை விற்பனை, பாதி விளம்பரம். மறுபக்கம் நான்கு வரி. கும்மிடிப்பூண்டி அருகே தனியார் தொழிற்சாலை ஊழியர், தீராத வயிற்று வலியால் அவதிப்பட்டு வந்தவர், மனமுடைந்து தற்கொலை செய்துகொண்டார். போலீசார் விசாரிக்கின்றனர்.

"ஒண்ணு கேக்கணும் சார். பேப்பர்ல போட்றதுக்கு மின்னாடி யாருகிட்ட கேப்பாங்க?"

"போலீஸ்ல. சில சமயம் வீட்டுல."

"எங்க ஊட்ல யாரும் கேக்கல. அவருக்கு வயித்து வலியே கெடையாது சார். ஆறு இட்லி துன்னுட்டு, இன்னும் ரெண்டு வையின்னு தட்ட நீட்டற ஆளு. வயித்து வலின்னு எங்கிட்ட ஒரு நாளு சொன்னதில்ல. அப்ப வேற யாருகிட்டயோ சொல்லிக்கீறாரு. இல்லாங்காட்டி பேப்பர்ல எப்புடி வரும்?"

அந்த யாரோ ஒருவரை அவர் எட்டு ஆண்டுகளாகத் தேடிக்கொண்டிருந்தார். கணவரோடு வேலை செய்தவர்களைக் கேட்டிருக்கிறார். மருந்துக்கடையில் கேட்டிருக்கிறார். கடைசியில் சந்தேகம் நாத்தனார்மேல், அதாவது கணவரின் அக்காமேல், வந்து நின்றுவிட்டது. அவர் கடம்பத்தூரில் இருக்கிறார். இறப்பதற்கு முந்தைய வாரம் கணவர் அங்கே போய் இரண்டு நாள் தங்கியிருந்தார். தம்பி நோயைச் சொல்லியிருக்கிறான், அக்கா தன்னிடம் மறைத்துவிட்டார் என்பது இவர் கணக்கு. ஆறு ஆண்டுகளாகப் பேச்சு இல்லை. மகள் பெரியவளான சடங்குக்குக்கூட அத்தையைக் கூப்பிடவில்லை. இப்போது அந்த மகள் பன்னிரண்டாம் வகுப்பு. அப்பாவின் சாயலில் உள்ள ஒரே மனுஷி அத்தைதான், நான் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்கிறாளாம்.

"அண்ணிதான் மறைச்சாங்கன்னா அனுப்ப மாட்டேன் சார். இல்லன்னா அனுப்பணும். அதான் தெரியணும்" என்றார்.

நான் அந்தத் துண்டை இன்னொரு முறை படித்தேன். அது நான் வேலை பார்த்த நாளிதழ்; அப்போது இந்த வட்டாரத்தில் அதற்கு நிருபர் நான் ஒருவன்தான். நான்கு வரிச் செய்திக்குப் பெயர் போடமாட்டார்கள். "விசாரிச்சுப் பார்க்கிறேன்மா" என்று சொல்லித் துண்டைத் திருப்பிக் கொடுத்தேன்.

வீட்டில் பழைய குறிப்பேடுகளை ஆண்டுவாரியாக அடுக்கி வைத்திருக்கிறேன். அரை மணி நேரத்தில் அந்தப் பக்கம் கிடைத்தது. பெயர், வயது, தெரு. ஃபிட்டர். மனைவி, ஒரு மகள். அவ்வளவுதான். வயிற்று வலி அதில் இல்லை.

அப்படியானால் அது எங்கிருந்து வந்தது? ஸ்டேஷனில் எழுத்தர் வேலை பார்த்த ஏட்டு போனில் சொல்லியிருக்கலாம். காரணம் தெரியாத வழக்குகளில் புகார் மனுவிலேயே வயிற்று வலி என்று எழுதிக்கொள்வது அப்போது பல இடங்களில் இருந்த வழக்கம். சென்னை அலுவலகத்தில் யாராவது சேர்த்திருக்கலாம். "காரணம் என்னப்பா?" என்று அங்கிருந்து எப்போதும் கேட்பார்கள். அல்லது நானே எழுதியிருக்கலாம். பல செய்திகளில் எழுதியிருக்கிறேன். கடன் என்றோ குடும்பத் தகராறு என்றோ போட்டால் யாராவது ஒருவர் தலையில் பழி விழும். வயிற்று வலியால் யாருக்கும் கெட்ட பெயர் இல்லை. நல்லது செய்கிறோம் என்றுதான் நினைத்திருந்தோம். ஆனால் இந்தச் செய்தியில் அந்தச் சொல்லை எழுதியது நானா என்று எவ்வளவு யோசித்தும் நினைவுக்கு வரவில்லை. அன்றைய மழை நினைவிருக்கிறது. ஸ்டேஷன் வாசலில் பறிமுதல் செய்த மணல் லாரி நின்றது நினைவிருக்கிறது. இது இல்லை.

செவிலியருக்கு போன் செய்தேன். "தெரிஞ்சத மட்டும் சொல்லுங்க. தெரியாததையும் தெரியலன்னு சொல்லிடுங்க" என்றார். எனக்கு எது தெரியும் என்பதே அப்போது குழப்பமாக இருந்தது.

அடுத்த மாதம் கூட்டம் முடிந்ததும், மற்றவர்கள் டீ குடித்துக்கொண்டிருந்தபோது, அந்தப் பெண்ணிடம் சொன்னேன். அந்த நான்கு வரியை அனுப்பியவன் நான். என் குறிப்பேட்டில் வயிற்று வலி இல்லை. அது காரணம் தெரியாதபோது போடும் வழக்கமான சொல். யாரும் சொல்லி வந்ததாகத் தெரியவில்லை. அதைச் சேர்த்தது நானா என்றும் எனக்கு நினைவில்லை.

பக்கத்தில் நின்றவர், மனநலம் பாதிக்கப்பட்ட மகனை வைத்துப் பார்த்துக்கொள்ளும் ஒரு தகப்பன், டீ குடிப்பதை நிறுத்தி, "அப்ப ராசிபலனும் இப்டித்தானா சார்?" என்று கேட்டார். யாரும் சிரிக்கவில்லை. அவரே ஒரு மாதிரி தலையைக் குனிந்துகொண்டார்.

அந்தப் பெண் கோபப்படுவார் என்று எதிர்பார்த்து, அதற்கு என்ன பதில் சொல்வது என்று யோசித்து வைத்திருந்தேன். அவர் துண்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார், மனை விளம்பரத்தில் எதையோ தேடுபவர்போல.

"அப்ப அவரு யாருகிட்டயும் சொல்லலியா?"

"எனக்குத் தெரியலம்மா."

"எங்கிட்ட சொல்லலன்னாலும் யாருகிட்டயோ வாயத் தொறந்து சொன்னாருன்னு இருந்தேன் சார். எட்டு வருஷமா அந்த ஆளு மேல அப்புடி ஒரு கோவம். ஆனா அப்புடி ஒரு ஆளு இருந்தாங்கன்னு ஒரு இது." துண்டைக் கைப்பைக்குள் வைத்தார். "இப்ப அதுவும் இல்லன்றீங்க."

நான் செய்தது சரியா என்று எனக்குத் தெரியவில்லை. ஒரு பொய்யை எடுத்தால் அந்த இடத்தில் உண்மை தானாக வந்து உட்காரும் என்று நம்பியிருந்தேன் போலும். அந்த இடம் காலியாகவே இருந்தது. செவிலியர் வந்து அவர் பக்கத்தில் அந்தச் சின்ன பெஞ்சில் உட்கார்ந்தார்.

பிறகு அந்தப் பெண் போனை எடுத்தார். நாத்தனாரின் எண்ணை அழிக்காமல் வைத்திருந்தார். காதில் வைக்கத் தயங்கி ஸ்பீக்கரில் போட்டார். நான் எழுந்து போகப் பார்த்தேன். "இருங்க சார். கேட்டா நீங்க சொல்லணும்" என்றார்.

"அண்ணி, நான்தான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் கேட்டது. "சொல்லு" என்றார் நாத்தனார்.

"அவரு உங்க ஊட்டுக்கு வந்தாரே அந்த வாரம். வயித்து வலின்னு உங்ககிட்ட சொன்னாரா?"

"எங்கிட்ட எதுக்குச் சொல்றான்? கூட இருந்தவ நீ. நோவுன்னு பேப்பர்ல போட்ற அளவுக்கு இருந்துக்குது, ஒரு நாளு ஆஸ்பத்திரிக்கு இட்டுக்கினு போனியா நீ? அத்தக் கேக்கலாம்னுதான் இத்தினி வருஷமா கீறேன். கேட்டா சண்டை வரும்னு வாய மூடிக்கினு கீறேன்."

அவர் என்னைப் பார்த்தார். நான் போனில் பேசத் தயாரானேன். அவர் கையைக் காட்டி நிறுத்திவிட்டார்.

"வயித்து வலி இல்ல அண்ணி. பேப்பர்ல சும்மா போட்டுக்கீறாங்க. போட்டவரே பக்கத்துல கீறாரு."

குக்கர் இன்னொரு முறை கூவியது. யாரும் அடுப்பை அணைக்கவில்லை போல.

"அப்ப இன்னாதான் அவனுக்கு?"

அவர் என்னைப் பார்த்தார், செவிலியரைப் பார்த்தார், கரும்பலகையைப் பார்த்தார். அதில் சனிக்கிழமை எழுதிய வகுத்தல் கணக்கு பாதியில் நின்றது.

"தெரியல அண்ணி" என்றார். "எனக்கும் தெரியல."

"எனக்கும் தெரியலடி" என்றது போன்.

பிறகு, "பொண்ணு எப்புடிக் கீது?" என்று கேட்டது.

"பன்னெண்டாவது. உங்களப் பாக்கணும்ன்றா."

"அனுப்பு. ஞாயித்துக்கெழம ட்ரெய்ன்ல கூட்டம் இருக்காது. நீயும் வா."

அந்தப் பெண் போனைப் பிடித்தபடியே தலையை ஆட்டினார், எதிரில் ஆள் இருப்பதுபோல.