சொல்லிக்கொண்டு போனவள்

அறுபத்தெட்டு வயதில் அந்த வீட்டுக்குப் போனேன். மலாக்காவில், பெயர்ப்பலகை இல்லாத வீடு. புருஷனிடம் அடிபட்ட பெண்கள் வந்து தங்குகிற இடம். அது எங்கே இருக்கிறது என்று எழுதமாட்டேன். ஒருமுறை சொல்லிப் பட்டது போதும்.

அங்கே போக வேண்டும் என்று நான் கிளம்பவில்லை. இடது மணிக்கட்டு வீங்கியிருந்தது. ஜாசின் ஆஸ்பத்திரிக்கு மருந்து போட்டுக்கொள்ளப் போனேன். குளியலறையில் வழுக்கிவிட்டது என்றேன். கல்யாணமான நாள்முதல் இப்படித்தான். ரப்பர் தோட்டத்தில் இருந்தபோது மரம் சீவப் போன இடத்தில் விழுந்தேன் என்பேன். வேலையை விட்டு ஜாசின் பக்கம் தாமான் குடியிருப்பில் ஒரு வீட்டுக்கு வந்த பிறகு குளியலறை. கட்டுப் போட்ட நர்ஸ் தமிழ்ப் பெண். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"பாத்ரூம்ல விழுந்தா அஞ்சு வெரலும் பதியுமாம்மா?"

நான் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"சரி, அது வேணாம். அந்த பாத்ரூமுக்குத் திரும்பிப் போகணுமா, வேணாமா? அத மட்டும் சொல்லுங்க."

என் புருஷன் அடிக்கிறாரா என்று கேட்டிருந்தால் எழுந்து வந்திருப்பேன். வீட்டு விஷயத்தை வெளியே விட்டவள் இல்லை நான். அவள் பாத்ரூமைத்தான் கேட்டாள். "வேணாம்" என்று வாயில் வந்துவிட்டது. அன்று மத்தியானமே அவள் ஏற்பாடு செய்த கார் வந்து என்னை ஏற்றிக்கொண்டது.

அந்த வீட்டை நடத்துகிறவர் கிறிஸ்தவப் பெண்மணி, முன்பு பள்ளிக்கூடத்தில் வேலை பார்த்தவர். எல்லாரும் டீச்சர் என்றே கூப்பிட்டோம். என்னைவிட இருபது வயதாவது இளையவர். வந்த அன்றே என்னை உட்காரவைத்து ஒரே ஒரு சட்டம் சொன்னார். "இந்த எடம் எங்க இருக்குன்னு யாருக்கும் சொல்லக் கூடாதும்மா. சொந்த மகளுக்கும் கூடாது." தலையாட்டினேன்.

என் அறையில் செர்காம் பக்கத்துப் பெண் ஒருத்தி, இரண்டு வயது மகளோடு இருந்தாள். அவள் புருஷன் கத்தியைக் காட்டியவன். என் கையில் கட்டு இருந்ததால் அவள்தான் எனக்குத் தலை பின்னிவிடுவாள். "ஒங்க முடியப் பாத்தா எனக்கே பொறாமையா இருக்குலா" என்பாள். என் மகள்கூட அப்படிப் பின்னிவிட்டதில்லை.

சோறு இருந்தது, தூக்கம் இருந்தது. மனசுதான் நிற்கவில்லை. அதற்கு ஒரு காரணம் உண்டு.

தோட்டத்து லயத்தில் எங்கள் எதிர்வீட்டுக்காரி ஒருநாள் யாரிடமும் சொல்லாமல் போய்விட்டாள். மறுநாள் காலையில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பெரட்டில் அவள் பேரைக் கூப்பிட்டபோது, "அவ ஓடிப்போயிட்டா" என்று முதலில் சொன்ன வாய் என்னுடையது. எல்லாரும் சிரித்தார்கள். பல் உடைந்து அம்மா வீட்டுக்குப் போனாள் என்பது பிறகு தெரிந்தது. அந்தச் சொல்லை யாரும் திருப்பி எடுத்துக்கொள்ளவில்லை, நான் உட்பட. சொல்லிக்கொண்டு போனால் ஊருக்குப் போனவள், சொல்லாமல் போனால் ஓடிப்போனவள். எங்கள் ஆட்களுக்கு அவ்வளவுதான் கணக்கு. நான் எவரிடமும் சொல்லாமல் வந்திருந்தேன்.

மூன்றாம் நாள், ஜொகூரில் இருக்கும் மகளிடம் பேசச் சொல்லி டீச்சர் ஆபீஸ் டெலிபோனைக் கொடுத்தார். பேசி முடித்தபோது டீச்சர் வாசலில் அரிசி மூட்டை இறக்கிக்கொண்டிருந்தார். நான் பக்கத்து வீட்டுக்காரியின் நம்பரைப் போட்டேன். பிள்ளைகள் பிறந்த நாளை மறந்தாலும் அந்த நம்பர் எனக்கு மறக்காது.

"அக்கா! எங்கக்கா போனீங்க? அண்ணன் பைத்தியம் மாதிரி தேடுது. பாசார்ல கண்டபடி பேசுறாங்க."

"என்ன பேசுறாங்க?"

"ஓடிப்போயிட்டீங்கன்னு..."

எனக்குக் காது சுட்டது. "எவ சொன்னா? நான் ஒண்ணும் ஓடல. மலாக்காவுல மரியாதையான வீட்ல இருக்கேன்." தெருவையும் கேட்டின் நிறத்தையும்கூடச் சொன்னேன். "கேக்குறவங்ககிட்ட அப்படியே சொல்லு."

சொன்னதும் நெஞ்சு லேசானது. அன்று இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டேன்.

ஐந்தாம் நாள் சாயங்காலம் சமையலறையில் கீரை ஆய்ந்துகொண்டிருந்தோம். வெளியே ஒரு மோட்டார் சைக்கிள் மெதுவாகப் போனது. திரும்பி வந்தது. மறுபடியும் போனது. செர்காம் பெண் சன்னல் இடுக்கில் எட்டிப் பார்த்தாள். ஹெல்மெட் போட்ட ஆள்.

"அவன்தான்," என்றாள். முகத்தில் உயிர் இல்லை. பிள்ளையைத் தூக்கிக்கொண்டு அரிசி வைக்கும் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். டீச்சர் போலீசுக்குப் போன் போட்டார்.

நானும் எட்டிப் பார்த்தேன். வண்டியின் முன்கூடை ஒருபக்கம் சிவப்பு ராஃபியாக் கயிற்றால் கட்டியிருந்தது. அந்த முடிச்சு நான் போட்டது.

போலீஸ் வண்டி வருவதற்குள் அவர் போய்விட்டார். அரிசி அறைக் கதவு திறந்தது. அந்தப் பெண் நேராக அறைக்குப் போய்ப் பையில் துணியை அடைக்க ஆரம்பித்தாள்.

"நான் திரும்பிப் போறேன் டீச்சர். உள்ள வந்தான்னா எல்லாரையும் வெட்டுவான். நான் போயிட்டா ஒங்கள ஒண்ணும் செய்யமாட்டான்."

"அவனுக்கு எப்படித் தெரிஞ்சிச்சு? யாருக்காச்சும் போன் பண்ணியா?"

"என் பிள்ள மேல சத்தியமா இல்ல டீச்சர்."

மற்றவர்கள் அவளை ஒரு மாதிரி பார்த்தார்கள். நான் கட்டிலில் உட்கார்ந்திருந்தேன். பேசாமல் இருந்தால் என் பேர் கெடாது. அந்தக் கூடையை அங்கே வேறு யாருக்கும் தெரியாது. ஆனால் அவள் பையின் ஜிப்பை இழுத்துவிட்டாள். குழந்தைக்குச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தாள். அன்று பெரட்டில் சிரித்த சிரிப்பு எனக்குக் கேட்டது.

"செருப்பக் கழட்டு," என்றேன். "வந்தது ஒன் புருஷன் இல்ல. என்னோட ஆளு. எடத்தச் சொன்னது நான்தான்."

யாரிடமும் தலைகுனிந்து பழக்கமில்லாதவள் நான். அன்று, என்னைவிட இளைய அத்தனை பேர் முன்னாலும் தரையைப் பார்த்துக்கொண்டு முழுவதையும் சொன்னேன். டீச்சர் திட்டவில்லை. திட்டியிருந்தால் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன்.

"ஏம்மா சொன்னீங்க?"

"ஓடிப்போனவன்னு சொல்லிட்டாங்க."

செர்காம் பெண் பையைக் கீழே வைத்தாள். கோபமாகத்தான் இருந்தாள். கொஞ்சநேரம் கழித்து, "திரும்பி ஒக்காருங்க, பின்னல் அவுந்துபோச்சு," என்றாள்.

மறுநாள் என்னை வேறு ஊருக்கு மாற்றினார்கள். என்னால் அந்த வீட்டுக்கு ஆபத்து வந்துவிட்டது, அது சரிதான். போகிற வழியில் பாலாயில், போலீஸ் நிலையத்தில், நிறுத்தச் சொன்னேன். அதுவரை, கட்டின புருஷன் மேல் ரிப்போர்ட்டா என்று மறுத்துக்கொண்டிருந்தேன். குளியலறையைப் பற்றிச் சொல்லாமல், நடந்ததைச் சொன்னேன்.

புது இடத்தில் ஒரு வாரம் கழித்து, என்னைப் பார்க்க வந்த டீச்சரே நம்பர் போட்டுக் கொடுத்து என் பக்கத்தில் நின்றார். பக்கத்து வீட்டுக்காரி அழுதாள். அண்ணன் கண்ணீர் விட்டதும் மனசு இளகி இடத்தைச் சொல்லிவிட்டாளாம். அவள்மேல் தப்பில்லை, சொல்லச் சொன்னதே நான்தானே.

"இப்ப யாராச்சும் கேட்டா என்னக்கா சொல்ல?"

"ஓடிப்போயிட்டான்னு சொல்லு."

"ஐயோ, இந்த வயசுலயா?"

"ஆமா. மூட்டு வலியோடதான் ஓடுனேன்."

அழுகைக்கு நடுவே அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டு, "எந்த ஊருன்னு கேட்டா?" என்றாள்.

"ஓடிப்போனவ சொல்லிட்டா போவா?" என்று கேட்டுவிட்டுப் போனை டீச்சரிடம் கொடுத்தேன்.