சுண்டெலி வருசத்தில் வெர்னா வளர்த்த எலிகள்

கோதுமை விளைகிற துறைமுக ஊரான டிரெவெனாவில் அந்த வருசம் எல்லாருக்கும் ஒரு எதிரி தேவைப்பட்டது. சுண்டெலிகள் கோடிக்கணக்கில் இருந்தன. கோடியை யாரும் முறைத்துப் பார்க்க முடியாது. அதனால் வெர்னாவை முறைத்துப் பார்த்தார்கள்.

வெர்னா ஒன்றும் எங்கிருந்தோ வந்தவள் இல்லை. அவளுடைய தாத்தாவின் அப்பா, செம்புச் சுரங்கம் வெட்டக் கார்ன்வாலிலிருந்து கப்பலேறி வந்த டிரெபில்காக். முதல் மனைவி வந்த கோடையிலேயே காய்ச்சலில் போய்விட, அவள் தங்கையையே வரவழைத்துக் கட்டிக்கொண்டார். அந்தத் தங்கை பெற்ற மகனுக்கு மூன்று பெண்கள்: ஐவி, பெரில், எட்னா. ஐவிக்குப் பிறந்தவள் வெர்னா. பெரிலுக்குப் பிறந்தவள் கிளெனிஸ். எட்னா கல்யாணமே செய்துகொள்ளவில்லை. தேவாலயத்தில் ஆர்மோனியம் வாசித்தாள், போய்ச் சேர்ந்தாள். ஊரில் பாதிப் பேர் ஏதோ ஒரு வழியில் இந்த மூன்று பேருக்கும் சொந்தம். அந்தச் சொந்தக்காரர்கள்தான் வெர்னாவை முறைத்தார்கள் என்பதைத்தான் மனசு ஆறாமல் சொல்ல வேண்டியிருக்கிறது.

அவள் வேலை பார்த்தது துறைமுகத்துத் தானியக் கோபுரத்தில். அறுவடைக் காலத்தில் லாரிகள் வரிசை கட்டி நிற்கும். ஒவ்வொரு லாரியின் மேலும் ஏறி, நீளக் குழாயைக் கோதுமைக்குள் குத்தி மாதிரி எடுத்து, வண்டு இருக்கிறதா, ஈரம் இருக்கிறதா என்று பார்த்து அனுப்புவாள். புருசன் கோலின் ஒரு அறுவடையின் நடுவில் நெஞ்சு வலித்து, டிராக்டரிலேயே சாய்ந்துவிட்டார். மகள் தூரத்துப் பெர்த் நகரத்தில். வீடு ஊமையாகிப் போனது. அப்போதுதான் லீவுக்கு வந்த மகள், கூடப் படித்தவள் வளர்க்க முடியாமல் விட்ட இரண்டு எலிகளைக் கொண்டுவந்து அம்மா சமையலறையில் வைத்துவிட்டுப் போனாள். தலை கறுப்பு, உடம்பு வெள்ளை, வால் மட்டும் புழு மாதிரி.

முதலில் வெர்னாவும் அருவருப்பாகத்தான் பார்த்தாள். அது நிஜம். ஒரு வாரம் தோட்டத்துக் கையுறை போட்டுக்கொண்டுதான் சாப்பாடு வைத்தாள். பிறகு ஒரு நாள் கெட்டில் சத்தம் கேட்டதும் இரண்டும் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தாள். கோலின் அப்படித்தான் நிற்பார், தேநீருக்கு. கையுறை போயிற்று. இன்னும் கொஞ்ச நாளில் ஒன்று அவள் சட்டைக் கைக்குள் ஏறி, முழங்கையில் சுருண்டு தூங்கியது. இன்னொன்று மடியில் படுத்துப் பல்லை நறநறவென்று கடித்தது; இரண்டு கண்ணும் பிதுங்கிப் பிதுங்கி உள்ளே போயின. வலிப்பு என்று பயந்து மகளுக்குப் போன் போட்டாள்.

“அது சந்தோஷம்மா. சந்தோஷமா இருந்தா எலி அப்படித்தான் பண்ணும்.”

“சந்தோஷத்துக்கா கண்ணு வெளிய வருது?”

“உனக்கு வராதா?”

“எனக்கு எங்க வந்துச்சு சந்தோஷம்,” என்று சொல்லிவிட்டு, போனை வைத்துச் சிரித்தாள்.

தொல்லை இல்லாமல் இல்லை. விளக்கு ஒயரைக் கடித்தன. நல்ல கம்பளிச் சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டு போய்ப் பதுக்கின. தோளில் ஏறினால் இரண்டு சொட்டு விட்டு, இது என் இடம் என்று எழுதிவைத்துவிட்டுத்தான் இறங்கும். எல்லாவற்றையும் பொறுக்கலாம். பொறுக்க முடியாதது அதுகளின் ஆயுசுதான். இரண்டு வருசம், மிஞ்சினால் மூன்று. ஒன்றுக்கு நெஞ்சுச் சளி, ஒன்றுக்கு வயிற்றில் கட்டி. எலுமிச்சை மரத்தடியில் வருசா வருசம் ஒரு குழி. நாய் செத்தால் இந்த ஊர் கேக் செய்துகொண்டு துக்கம் விசாரிக்க வரும். பூனைக்குக்கூட வருவார்கள். எலி செத்து அழுத கண்ணோடு வெர்னா கடைக்குப் போனபோது, “அட, எலிதானே” என்றார்கள். அழுகிறவள் எலியா? அவள் மனுசி இல்லையா?

எலிகளுக்கு அவள் தன் சித்திகள், அம்மா பெயரையே வைத்தாள். கிளெனிஸ் அதற்குச் சண்டைக்கு வந்தாள்.

“எங்கம்மா பேர எலிக்கு வச்சிருக்கியாமே?”

“உங்கம்மா எனக்குச் சித்தி. பிடிச்ச சித்தி. பிடிக்காதவங்க பேரையா வைப்பாங்க?”

“மனுசங்க பேருடி அது!”

“பெரில் சித்திக்கும் கேக் பிடிக்கும், இதுக்கும் கேக் பிடிக்கும். போய் உக்காரு, டீ போடறேன்.”

ஒரே ஒரு கண்டிப்பு வைத்திருந்தாள்: பெட்டை எலி மட்டும்தான். கடுவன் ஒன்றுகூட வாசற்படி மிதிக்கக் கூடாது. குட்டி போட ஆரம்பித்தால் கையை மீறிவிடும் என்று யாரும் சொல்லாமலே தெரிந்தவள்.

அப்புறம் சுண்டெலி வருசம் வந்தது. முந்தின வருசம் மழையும் விளைச்சலும் பிய்த்துக்கொண்டு போனது. வயலில் சிந்திய கோதுமையைத் தின்று அதுகள் பெருகின. கோடை முடிந்ததும் ஊருக்குள் இறங்கின. கட்டில் கால்களைத் தகர டப்பாவில் நிறுத்தித் தூங்கினார்கள். அடுப்பைத் திறந்தால் உள்ளே, காரைக் கிளப்பினால் உள்ளே, குழந்தையின் தொட்டிலைத் தொட்டால் உள்ளே. ஊர் முழுக்க மூத்திர வாடை. பக்கெட்டில் பாதி தண்ணீர் ஊற்றி, குறுக்கே கம்பியில் ஒரு பாட்டிலைக் கோத்து, பாட்டிலில் வேர்க்கடலை வெண்ணெய் தடவி வைப்பார்கள். சுண்டெலி ஏறும், பாட்டில் உருளும், தண்ணீரில் விழும். காலையில் எல்லா வீட்டிலும் பக்கெட் கவிழ்க்கிற வேலை.

வெர்னாவும் வைத்தாள், கவிழ்த்தாள். இதை யாரும் பேசுவதில்லை. தன் எலிகளின் தீனியைத் தேடிச் சுண்டெலி உள்ளே போகாமல் கூண்டைச் சுற்றி நெருக்கமான வலை அடித்தாள். வயலில் தூவிய விஷக் கோதுமையைச் சுண்டெலி வாயில் கவ்விக்கொண்டு வருமே, அதை இதுகள் தின்றால் வாந்தி எடுக்கக்கூடத் தெரியாதே என்று, ஊரில் எல்லாரையும் விட அதிகம் பயந்தவள் அவள்தான்.

ஒரு சனிக்கிழமை பேக்கரிக்குப் போனாள். சுவரில் ஊர் விஷயம் ஒட்டுகிற பலகையில் ஒரு சீட்டு. ‘இந்த நேரத்தில் எலி வளர்க்கும் வீடுகள் நம் ஊருக்குத் தேவையா?’ பெயர் போடவில்லை. வீடுகளாம்! ஊரில் எலி வளர்க்கிற வீடு ஒன்றே ஒன்று.

கிளெனிஸின் புருசன் ராஸ் பென்ஹேல், கறி அடைத்த பேஸ்டி ஒன்றை வாங்கிக்கொண்டு நின்றார். ஊர்க் கமிட்டித் தலைவர். ஆயிரக்கணக்கான ஏக்கருக்கு விஷம் தூவ ஏற்பாடு செய்தவர். வெர்னா சீட்டைக் கிழித்து அவர் முகத்துக்கு நேரே நீட்டினாள்.

“இது யாரு எழுதினது ராஸ்?”

“எனக்கென்ன தெரியும்? ஆனா கேள்வி நியாயமாத்தானே இருக்கு?”

“நியாயமா? என்ன, என் எலிங்கதான் போய் உன் வயல்ல சுண்டெலிய பெத்துப் போட்டுச்சா? எலி சுண்டெலியப் பாத்தா கடிச்சே கொன்னுடும், தெரியுமா உனக்கு?”

“எலின்னா எலிதான் வெர்னா. ஜனங்க தூங்கி மாசக்கணக்காச்சு. நீ வீட்டுக்குள்ள வச்சு குட்டி போட விட்டுட்டு இருந்தா…”

“குட்டியா?” பேக்கரி முழுக்கத் திரும்பிப் பார்த்தது. “என் வீட்ல இதுவரைக்கும் ஒரு குட்டி பொறந்ததில்ல. இனியும் பொறக்காது. அப்படிப் பொறந்துச்சுன்னா நானே தூக்கிட்டு வந்து உன் கையில குடுக்கறேன். நீ என்ன வேணா பண்ணிக்கோ!”

“எல்லாரும் கேட்டுக்கிட்டீங்கல்ல?” என்றார் ராஸ். சிலர் சிரித்தார்கள். பேக்கரிக்காரி மட்டும் குனிந்து மாவைப் பிசைந்தாள்.

இங்கேதான் எலி வளர்க்கிறவர்கள் மட்டுமே செய்கிற ஒரு தப்பை வெர்னா செய்திருந்தாள்.

இதற்குக் கொஞ்ச நாள் முன்னால், பீரி துறைமுகத்தில் ஒருவன் சுரங்க வேலைக்குக் கிளம்பும்போது, வளர்த்த எலிகளைப் போகிறவன் வருகிறவனுக்கெல்லாம் கொடுத்தான். அதில் ஒரு சாம்பல் பெட்டையை இவள் தூக்கிவந்தாள். எலும்பும் தோலும். “தனிக் கூண்டுலதான் இருந்துச்சு,” என்று அவன் சத்தியம் செய்தான். எட்னா என்று பெயர் வைத்தாள். ஓட்ஸ் கஞ்சியில் முட்டை கலந்து ஊட்டினாள். எட்னா தேறினாள். வயிறு உருண்டது. பட்டினி கிடந்த எலி தன் கையால் தின்று கொழுக்கிறதைப் பார்க்கிற பெருமை இருக்கிறதே, அது கண்ணை மறைக்கிற பெருமை. “வந்தப்ப எப்படி இருந்தா, இப்ப பாரு,” என்று மகளிடம் பீற்றிக்கொண்டாள். காகிதத்தைக் கிழித்துக் கிழித்து எட்னா மூலையில் சேர்த்தபோதுகூட, பாவம் குளிருது போல என்று ஒரு காலுறையைச் சேர்த்துப் போட்டாள்.

பேக்கரியில் வாய்விட்ட நாலாம் நாள் காலையில் கூண்டிலிருந்து கீச்சுக் குரல் வந்தது. காலுறையை விலக்கினாள். சிவப்பாக, கண் மூடி, அவரை விதை பருமனில் பத்துப் பன்னிரண்டு உயிர். தோல் அவ்வளவு மெல்லிசு. குடித்த பால் வயிற்றில் வெள்ளையாகத் தெரிந்தது.

நாற்காலியில் உட்கார்ந்து பீரிக்காரனைத் திட்டினாள். ஓட்ஸ் கஞ்சியைத் திட்டினாள். தன்னைத்தான் அதிகம் திட்டினாள். முப்பது வருசம் லாரியில் ஏறி, கோதுமைக்குள் ஒளிந்த ஒரு வண்டைக் கண்டுபிடித்த கண், மடியில் படுத்திருந்த வயிற்றைக் கண்டுபிடிக்கவில்லை.

கிளெனிஸ் அன்றைக்கென்று பார்த்துப் பாத்திரம் திருப்பிக் கொடுக்க வந்தாள். பார்த்தாள்.

“அய்யோ! எட்னா சித்தி பேரு வச்சதுதானே இது? வாழ்நாள்ல ஒரு ஆம்பளைய ஏறெடுத்துப் பாக்காத பொம்பளடி!”

“சிரிக்காத கிளெனிஸ்.”

“சிரிக்கல. பயமா இருக்கு. நீ ராஸ்கிட்ட என்ன சொன்னேன்னு ஊருக்கே தெரியும். வெளிய தெரியறதுக்குள்ள பக்கெட்ல போட்டுடு. தினமும் போடறதுதானே?”

வெர்னா காலுறையை மறுபடி குட்டிகள் மேல் மூடினாள். தினமும் போடுகிறது உண்மைதான்.

“அதுங்க திருட வந்ததுங்க,” என்றாள். “இதுங்களோட அம்மாவ நான் கூட்டிட்டு வந்தேன். நானே சோறு போட்டேன். வித்தியாசம் அவ்வளவுதான். அது சின்ன வித்தியாசம்னா சின்னதாவே இருக்கட்டும்.”

“நான் ராஸ்கிட்ட மூச்சு விடமாட்டேன்.”

“விட வேணாம். நானே சொல்லிக்கறேன். ஒளிச்சு வச்சா, அவங்க சொன்னது சரின்னு ஆயிடும்.”

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், ஃபுட்டி ஆடுகிறவர்களின் கிளப் கூடத்தில் இரண்டாம் தடவை விஷம் வைப்பது பற்றிக் கூட்டம். வெர்னா ஒரு ஆப்பிள் பெட்டியில் வெந்நீர்ப் பையை அடியில் வைத்து, மேலே துணி, அதன் மேலே எட்னாவும் குட்டிகளும். மூடியில் ஓட்டை. அதைத் தூக்கிக்கொண்டு எல்லார் நடுவிலும் நடந்து, ராஸின் மேசையில் வைத்தாள்.

“குட்டி பொறந்திருக்கு ராஸ்.”

கூடம் குசுகுசுத்தது. பின்னாலிருந்து ஒருவன், “நாங்க அப்பவே சொன்னோம்ல!” என்றான்.

“சொன்னீங்க. ஆனா நான் பொய் சொல்லல. சினையா இருந்தத எடுத்துட்டு வந்திருக்கேன், தெரியல, ஏமாந்துட்டேன். கையில குடுக்கறேன்னு சொன்னேன். நீட்டு கைய.”

“வெர்னா, இது கமிட்டிக் கூட்டம்…”

“அது பேக்கரி. அங்க பேசலாம், இங்க கூடாதா? நீட்டு.”

எல்லாரும் பார்க்கிறார்கள். ராஸ் மூடியைத் தூக்கிக் கையை உள்ளே விட்டார். எட்னா சும்மா இருப்பாளா? விரலில் வெடுக்கென்று கடித்துவிட்டாள். ராஸ் கத்தினார், கூடம் சிரித்தது. வெர்னா சிரிக்கவில்லை. எட்னாவை ஒரு கையால் தடவி மறைத்து, ஒரு குட்டியை எடுத்து அவர் உள்ளங்கையில் வைத்தாள்.

அது நெளிந்தது. கண் தெரியாத தலையைத் தூக்கி, அவர் கட்டைவிரல் அடியில் முட்டி முட்டிப் பால் தேடியது. சிரிப்பு நின்றது. லாரி லாரியாகச் செத்த சுண்டெலிகளைக் குழியில் தள்ளிய கை அது. மூடவும் முடியாமல், கீழே வைக்கவும் முடியாமல், தட்டு ஏந்துகிற மாதிரி ஏந்திக்கொண்டு நின்றார்.

“என்ன வேணா பண்ணிக்கோன்னேனே,” என்றாள் வெர்னா. “பண்ணு.”

“எடு வெர்னா.”

“நீதானே எல்லாரையும் கேட்டுக்கச் சொன்ன?”

“எடு, சொல்றேன்ல! அதுக்குக் குளிருது.”

அவள் எடுத்துத் தாயிடம் சேர்த்தாள். துணியைப் போர்த்தினாள். ராஸ் கையைக் கால்சட்டையில் துடைத்துவிட்டு, “சரி, அடுத்த விஷயத்துக்குப் போவோம்,” என்றார்.

“இந்த விஷயம் முடியல. நான் பொய் சொல்லலன்னு சொல்லு.”

“நீ பொய் சொல்லல.”

“பேக்கரியில சொன்ன சத்தத்துல சொல்லு.”

சொன்னார். கடைசி வரிசை வரைக்கும் கேட்டது.

அதில் வெர்னாவுக்குக் கோபம் தணிந்ததா என்றால், இல்லை. ஒருத்தராவது எழுந்து வந்து மன்னிப்புக் கேட்கவில்லை. பின்னாலிருந்து கத்தியவன் பெட்டியை எட்டிப் பார்த்து, ஒன்று தனக்கு வேண்டும் என்றுதான் கேட்டான், வெட்கமில்லாமல். “கடுவன் தனி, பெட்டை தனின்னு நான் பிரிச்சதுக்கப்புறம், உன் மூஞ்சியப் பாத்து யோசிக்கறேன்,” என்றாள். காரில் சூடு ஏற்றிக்கொண்டு, பக்கத்து இருக்கையில் பெட்டியை வைத்துப் பெல்ட் போட்டு, வீடு வரைக்கும் கமிட்டியை ஒவ்வொருவராகப் பெயர் சொல்லித் திட்டிக்கொண்டே ஓட்டினாள். பெட்டிக்குள் எட்னா, ஒவ்வொரு குட்டியாக இழுத்து நக்கிக்கொண்டிருந்தாள்.