அனார்குல் கடித்துவைத்த ரொட்டி

எங்கள் நரின் ஊரில் அனார்குல்லைத் தெரியாதவர் கிடையாது. பள்ளிக்கூடச் சமையலறையில் அவள் ஊற்றிய சூப்பைக் குடிக்காமல் இங்கே எந்தப் பிள்ளை வளர்ந்தது? எனக்கு அவள் ஓரகத்தி, கொழுந்தன் பெண்டாட்டி. எனக்குப் பின்னால் அந்த வீட்டுக்கு வந்து, எனக்கு முன்னால் நல்ல பேர் வாங்கியவள். அவள் கொடுத்தால்தான் மாமியாருக்குத் தேநீர் தொண்டையில் இறங்கும். நான் கொடுத்தால் ஆறிப்போயிருக்குமாம். அன்றைக்குப் பிடித்த எரிச்சல் எனக்கு.

கொழுந்தன் லாரியோடு கணவாயில் உருண்டு செத்துப்போனான். அனார்குல் ஒப்பாரி வைத்த கையோடு வேலைக்குப் போனாள். பசு வளர்த்தாள், பாலாடை விற்றாள், சால்தனத் என்ற ஒரே மகளை நர்ஸுக்குப் படிக்கவைத்தாள். அந்தப் பெண் ஜெர்மனியில் வேலை கிடைத்துப் போய், அங்கேயே கல்யாணம் செய்துகொண்டு, போன வசந்தத்தில் ஆண் குழந்தை பெற்றாள். வெள்ளிக்கிழமை தவறாமல் வீடியோவில் அம்மாவைக் கூப்பிடுவாள். இவள் போனைத் தூக்கிக்கொண்டு நேரே என் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

“அக்கா, பாருங்க, உங்களைப் பார்த்துத்தான் சிரிக்கிறான்.”

அவன் சிரித்தானோ இல்லையோ, என் வயிறு எரிந்தது. என் மகன் எர்மெக் மாஸ்கோ போய் வருடங்கள் ஆகிவிட்டன. பெருநாளுக்குக்கூடக் கூப்பிடுவதில்லை. கிளம்பும் அன்று அவன் கடித்துவிட்டுப் போன ரொட்டி மட்டும் என் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்குகிறது. எங்கள் பக்கத்தில் தூரம் போகிறவர் ஒரு வாய் கடித்துவிட்டுப் போனால், மிச்சத்தை அவரே திரும்பி வந்துதான் தின்ன வேண்டும். அதுவரை அதை யாரும் தொடமாட்டோம்.

சால்தனத் தன் அம்மாவை மூன்று மாதம் வந்து இருக்கச் சொல்லி அழைப்புக் கடிதம் அனுப்பினாள். அனார்குல் ஓர் ஆட்டை விற்று விசாவுக்குக் கட்டணம் கட்டினாள். மகளே கூப்பிட்ட பிறகு யார் தடுக்கப்போகிறார்கள் என்று அவளுக்கு ஒரே நிச்சயம். விசா வருவதற்கு முன்பே தெருவைக் கூட்டி விருந்து வைத்தாள். வந்தவர்கள் பேரனுக்குத் தொப்பியும் கம்பளிக் காலுறையுமாகக் குவித்தார்கள். கடைசியில் எல்லோர் முன்னாலும் நின்று ரொட்டியைக் கடித்தாள். இவளுக்குப் போக ஒரு இடம் இருக்கிறது, கூப்பிட ஒரு பிள்ளை இருக்கிறது. எனக்கு என்ன இருக்கிறது, முட்டிவலியைத் தவிர?

விசா மறுத்துவிட்டார்கள். சொந்த ஊருக்குத் திரும்பி வருவாள் என்று நம்ப ஆதாரம் இல்லையாம்.

“ஆடு போச்சா?” என்று கேட்டேன். சிரிப்பை அடக்கப் பார்த்தேன், முடியவில்லை.

“எப்படிப் போகும்? சாமான் இல்லைன்னா கடைக்காரன் காசைத் திருப்பித் தர்றானில்ல?”

“அப்ப போய்க் கேளேன்.”

நான் குத்தலாகத்தான் சொன்னேன். மறுநாள் காலையில் ரொட்டியை வெள்ளைத் துணியில் சுற்றிக்கொண்டு வாசலில் நின்றாள். “ஆதாரம் இல்லைன்னு எழுதியிருக்கான். கடிச்ச ரொட்டி வீட்டுல இருக்கும்போது ஒருத்தி திரும்பி வராம இருப்பாளாக்கா?”

நானும் கூடப் போனேன். அவள் மூக்கறுபடுவதை நேரில் பார்க்க வேண்டாமா? பகிர்வு டாக்ஸியில் தலைநகர் பிஷ்கெக் போய்ச் சேரும்வரை அவள் ரொட்டியை மடியிலிருந்து இறக்கவில்லை.

விசா மையத்தின் கண்ணாடிக்குப் பின்னால் நம் நாட்டுப் பெண்தான் உட்கார்ந்திருந்தாள். அனார்குல் துணியை அவிழ்த்து ரொட்டியை நீட்டியதும் எழுந்து, அதை வைக்க ஒரு சுத்தமான தாளை விரித்தாள்.

“அம்மா, விசா கிடைச்சாலும் கிடைக்காட்டியும் அந்தக் காசு திரும்பி வராது. அது மனுவைப் பார்க்கறதுக்கான கட்டணம். பார்த்தாச்சு.”

“ஒழுங்காப் பார்த்திருந்தா இல்லைன்னு சொல்லியிருப்பாங்களா? இந்தா, இந்த ரொட்டியையும் அனுப்பி வை.”

“ரொட்டியை ஸ்கேன் பண்ண முடியாதும்மா. வேலை பார்க்கிற இடத்துல தர்ற கடிதம், வீட்டுப் பத்திரம் எல்லாம் வெச்சீங்களா?”

“அது எதுக்கு? மகதான் கூப்பிட்டிருக்காளே.”

“மக கூப்பிட்டா போவீங்கன்னு அவங்களுக்குத் தெரியுது. திரும்பி வர எது கூப்பிடும்னுதான் கேக்கறாங்க. அதையெல்லாம் சேர்த்து வெச்சு மறுபடி போடுங்க. ஆனா கட்டணம் புதுசாக் கட்டணும்.”

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நான் எதிர்பார்த்து வந்த சிரிப்புதான். என்னவோ, எனக்குச் சிரிக்க வரவில்லை.

ஊர் திரும்பியதும் ரொட்டியை என் வீட்டுக்கே கொண்டுவந்தாள். போக வேண்டியவளே போகாமல் அதன் அடியில் உட்கார்ந்திருந்தால் அவள் வீட்டில் அதை எப்படித் தொங்கவிடுவது? எர்மெக்கின் ரொட்டிக்குப் பக்கத்தில் ஆணி அடித்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

“ஊரைக் கூட்டி விருந்து வெச்சியே, தேவையா? ஆடும் போச்சு, மானமும் போச்சு. உன்னை யாருடி அங்க உள்ள விடப்போறா?”

சுத்தியலைக் கீழே வைத்தாள். அவள் என்னை எதிர்த்துப் பேசி நான் கேட்டதில்லை.

“என்னை விடமாட்டேங்கிறாங்க. அதனால போகல. மாஸ்கோவுக்குப் போக வர விசாவும் வேணாம், கட்டணமும் வேணாம். உங்க பிள்ளையை வரவேணாம்னு யாருக்கா தடுத்தா?”

கெட்டிலில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருந்தது. அதை அணைக்க இரண்டு பேரும் எழுந்திருக்கவில்லை. பிறகு அவளே அழுதாள். “சொல்லியிருக்கக் கூடாது, அக்கா.” சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை, அதுதான் எரிந்தது.

அடுத்த சந்தையில் என் ஆட்டை விற்றேன். பணத்தை அவள் கையில் திணித்தேன்.

“கிடைக்கலைன்னா இதுவும் திரும்பி வராதுக்கா.”

“கிடைச்சாலும் வராதுன்னு அந்தப் பொண்ணு சொல்லலையா? எனக்குப் பழக்கம்தான். போய்த் தொலை. வெள்ளிக்கிழமை உன் மூஞ்சியை நான் போன்ல பார்த்துக்கறேன்.”

பள்ளிக்கூடக் கடிதம், பத்திரம், பசுவுக்கு ஊசி போட்ட சீட்டுவரை எல்லாவற்றையும் மனுவோடு வைத்தாள். விசா வந்தது. போனாள். வெள்ளிக்கிழமைகளில் பேரனை மடியில் வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டாள். ஒவ்வொரு தடவையும் எனக்கு எரியத்தான் செய்தது.

முதல் பனி விழுந்த வாரத்தில் திரும்பி வந்தாள். சொந்த வீட்டைத் திறப்பதற்கு முன் என் வீட்டுக்கு வந்து, ஸ்டூலில் ஏறித் தன் ரொட்டியை எடுத்தாள். அது கல்லாகக் காய்ந்திருந்தது. தேநீரில் ஊறப்போட்டுத் தின்றாள். எனக்கும் ஒரு துண்டு நீட்டினாள்.

வாங்கி வாயில் போட்டுக்கொண்டேன். எதிர்ச்சுவரில் இரண்டு ஆணிகள். ஒன்றில் எர்மெக்கின் ரொட்டி, ஒன்று காலியாக இருந்தது. அவள் பேரனின் முதல் பல்லைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தாள். நான் அந்தக் காலி ஆணியையே பார்த்துக்கொண்டு மென்றேன்.